ஒரே நோயாளி, மூன்று நோய்ப் பெயர்கள்: தன்னெதிர்ப்பொருள் பரிசோதனைகள் எதைச் சொல்கின்றன?

சென்ற மார்கழி மாதத்தில் 34 வயதுடைய பள்ளி ஆசிரியை ஒருவர் தம் கணவருடன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவர் கையில் மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்றில் ‘முடக்குவாதம்’ என்று எழுதப்பட்டிருந்தது. இன்னொன்றில் ‘லூபஸ்’. மூன்றாவதில் ‘ஸ்க்ளீரோடெர்மாவாக இருக்கலாம்’ என்றிருந்தது. மூன்றையும் மேசைமீது வைத்துவிட்டு, “மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று பெயர் சொல்லியிருக்கிறார்கள், டாக்டர். இதில் எது என் நோய்? மற்ற இரண்டு பேரும் தப்பாகப் பார்த்துவிட்டார்களா?” என்று கேட்டார். கணவர் நான்காவதாக ஒரு தாளை நீட்டினார். அது ஏ.என்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையின் அறிக்கை. ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை யாரோ சிவப்பு மையால் இருமுறை வட்டமிட்டிருந்தார்கள்.

அன்று கூட்டம் அதிகம். பத்து நிமிடங்களில் அவருக்கு நான் சொன்ன பதில் போதுமானதல்ல. இதே கேள்வியை வாரந்தோறும் பலர் கேட்கிறார்கள் என்பதால், அந்தப் பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நோய்க்கு வரப்பு போட்டது யார்?

நோய்க்கிருமி ஒன்று உடலுக்குள் நுழைந்தால் அதனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை நம் வெள்ளணுக்கள் உருவாக்குகின்றன. இவற்றை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். தடுப்பூசி வேலை செய்வதும் இவற்றால்தான். சிலருக்கு இந்த ஏற்பாடு தடம்மாறி, தம் சொந்தச் செல்களின் உறுப்புகளையே அந்நியமாகக் கருதி அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. இவையே தன்னெதிர்ப்பொருள்கள். தோல், மூட்டு, தசை, இரத்தக் குழாய்ச் சுவர், நுரையீரல் என உடலைப் பிணைத்து நிற்கும் இணைப்புத் திசு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தத் தடுமாற்றத்தின் விளைவு தெரியலாம். லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, தசை அழற்சி நோய், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய், முடக்குவாதம் ஆகியவை இக்குடும்பத்தின் முக்கிய உறுப்பினர்கள்.

இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை, தன்னெதிர்ப்பொருள் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், வெளியே கண்ட அறிகுறிகளை வைத்து மருத்துவர்கள் இட்டவை. தோல் இறுகினால் ஒரு பெயர், கன்னத்தில் செந்தடிப்பு வந்தால் ஒரு பெயர், தசை வலுவிழந்தால் இன்னொரு பெயர். பாடநூல்களில் ஒவ்வொன்றும் தனித்தனி அத்தியாயம். ஆனால் நோயாளியின் உடல் அந்த வரப்புகளைப் பார்த்து நடப்பதில்லை. ஒரே நபரிடம் இரண்டு அல்லது மூன்று நோய்களின் கூறுகள் கலந்து வருவதுண்டு. அதனை ஒன்றன்மேல் ஒன்று படிந்த நோய்நிலை என்கிறோம். சிலரிடம் எந்த அத்தியாயத்திலும் முழுமையாகப் பொருந்தாத ஓரிரு அறிகுறிகள் மட்டும் இருக்கும். அவர்களுக்கு ‘வகைப்படுத்தப்படாத இணைப்புத் திசு நோய்’ என்று எழுதுவோம். இதைப் படித்ததும் பலர் ‘டாக்டருக்கே தெரியவில்லை’ என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அதற்குக் காரணமில்லை. இவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே பின்னர் ஒரு குறிப்பிட்ட நோய் தெளிவாக உருவெடுக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் அதே மிதமான நிலையில் இருக்கிறார்கள். சிலருக்கு அது முற்றிலும் அடங்கியும் விடுகிறது.

சிவப்பு மை வட்டம்

ஏ.என்.ஏ. என்பது செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தேடும் பரிசோதனை. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதச் செல்கள் பரப்பிய கண்ணாடித் தகட்டின்மீது உங்கள் இரத்தத்தின் தெளிநீரை இடுகிறார்கள். அதில் தன்னெதிர்ப்பொருள் இருந்தால் அது செல்லின் உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்து, இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் உட்கரு பச்சையாக ஒளிரும்.

அறிக்கையில் காணும் 1:80, 1:320 என்ற எண்கள், தெளிநீரை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்த பின்னும் அந்த ஒளி தெரிந்தது என்பதைக் குறிக்கின்றன. இரண்டாவது எண் பெரிதாக ஆக, எதிர்ப்பொருள் அதிகம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 1:1280 என்ற அறிக்கையுடன் நிம்மதியாக வீட்டிலிருந்த ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். 1:80 என்ற அறிக்கையால் இரவு உறங்காத பத்துப் பேரையும் சந்தித்திருக்கிறேன்.

அந்தப் பத்துப் பேருக்காக ஒரு தகவல். 1997-ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், நலமாக இருப்பவர்களின் இரத்தத்தையே பல ஆய்வகங்கள் பரிசோதித்தன. 1:40 அளவில் அவர்களில் ஏறத்தாழ 32 சதவீதத்தினருக்கும், 1:80 அளவில் 13 சதவீதத்தினருக்கும், 1:160 அளவில் 5 சதவீதத்தினருக்கும், 1:320 அளவில்கூட 3 சதவீதத்தினருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருந்தது. எந்த நோயும் இல்லாதவர்கள் இவர்கள்! தைராய்டு நோய், காசநோய், தொழுநோய், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி ஆகியவற்றிலும் இது பாசிட்டிவாகலாம். காசநோய்க்கு நாம் தரும் ஐசோநியாசிட் போன்ற மாத்திரைகளாலும் ஆகலாம். வயது ஏறும்போது தானாகவே பாசிட்டிவாவதும் உண்டு. ஆகவே உடல்வலி, சோர்வு என்று வரும் ஒவ்வொருவருக்கும் ‘எதற்கும் பார்த்துவிடுவோம்’ என்று இந்தப் பரிசோதனையை எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. அறிகுறி இல்லாத இடத்தில் இந்தத் தாள் அச்சத்தை மட்டுமே உண்டாக்கும்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க இராணுவத்தில் சேருபவர்களின் இரத்த மாதிரிகளைப் பல்லாண்டுகளாக உறைநிலையில் சேமித்துவருகிறார்கள். பின்னாளில் லூபஸ் கண்ட 130 பேரின் பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, அவர்களில் 115 பேருக்கு நோய் கண்டறியப்படும் முன்பே ஏதேனும் ஒரு தன்னெதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது தெரியவந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே. 2003-இல் இது வெளியானது. தன்னெதிர்ப்பொருள் முதலில் வருகிறது. நோய் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். எனவே பாசிட்டிவ் என்ற சொல்லை நாங்கள் தனியாகப் படிப்பதில்லை. விரல்களையும் தோலையும் மூட்டுகளையும் சிறுநீரையும் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தாளுக்கு வருகிறோம்.

ஆசிரியையின் விரல்கள்

அவரிடம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். முதல் ஆண்டில் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் காலையில் இறுகி வீங்கின; ஆகவே முடக்குவாதம் என்றார்கள். இரண்டாம் ஆண்டில் வெள்ளணுக்கள் குறைந்தன, வெயிலில் சென்றால் முகம் சிவந்து தடித்தது; லூபஸ் என்றார்கள். மூன்றாம் ஆண்டில் விரல்கள் முழுவதும் உப்பி, மோதிரம் கழற்ற முடியாமல் போயிற்று. ஸ்க்ளீரோடெர்மாவின் தொடக்கமோ என்று ஐயுற்றார்கள். ஒவ்வொருவரும் தம் முன்னால் அன்று இருந்ததைச் சரியாகவே பார்த்திருந்தார்கள்.

இன்னும் இரண்டு செய்திகள் எந்தக் கோப்பிலும் இல்லை. மார்கழியில் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது அவர் விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்து, பிறகு நீலமாகி, அடுப்படிக்கு வந்ததும் சிவந்து எரிந்தன. மூன்று ஆண்டுகளாக இது நடந்துவந்தது. வீட்டில் மாமியார் இரத்தம் போதவில்லை என்று பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொடுத்துவந்தார். அன்பான கவனிப்புதான், ஆனால் இது இரத்தசோகை அன்று. குளிரில் சிறிய இரத்தக் குழாய்கள் அளவுக்குமீறிச் சுருங்குவதை 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ விவரித்தார். அவர் பெயராலேயே ரேனோ நிகழ்வு எனப்படுகிறது. நம் ஊர் வெப்பத்தில் இது வராது என்று எண்ண வேண்டாம். குளிர்சாதனப் பேருந்திலும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து பால் பாக்கெட்டை எடுக்கும்போதும் வருகிறது. இரண்டாவது செய்தி, கரும்பலகையின் மேல்பகுதியில் எழுதக் கையை உயர்த்த இயலவில்லை என்பது. ‘வயசாகிவிட்டது போல’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். 34 வயதில்! தசை நொதியின் அளவு பரிசோதனையில் உயர்ந்திருந்தது.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆன பிறகு அடுத்த படி, உட்கருவின் எந்தப் பகுதிக்கு எதிரான எதிர்ப்பொருள் என்று பிரித்துப் பார்ப்பது. ஏ.என்.ஏ. புரொஃபைல் என்ற பெயரில் ஆய்வகங்கள் தரும் நீண்ட பட்டியல் இதுதான். ஆசிரியைக்கு யு1-ஆர்.என்.பி. என்ற ஒன்று மட்டும் மிக உயர்ந்த அளவில் இருந்தது. லூபஸுக்கே உரியவையான டி.எஸ்.-டி.என்.ஏ., எஸ்.எம். இரண்டும் இல்லை. யு1-ஆர்.என்.பி. என்பது செல்லின் உட்கருவில் உள்ள ஓர் அமைப்பு. புரதம் செய்வதற்கான செய்தி இழையில் வேண்டாத துண்டுகளை வெட்டி நீக்கி, வேண்டியவற்றைச் சேர்த்துத் தைக்கும் வேலையில் அதற்குப் பங்குண்டு. இடையில் ஒரு சொல்: எஸ்.எம்., ரோ, லா, ஜோ என்று அறிக்கையில் நீங்கள் காணும் விசித்திரப் பெயர்கள் வேதியியல் சொற்கள் அல்ல. அந்த எதிர்ப்பொருள் முதன்முதலில் எந்த நோயாளியின் இரத்தத்தில் காணப்பட்டதோ, அவர் பெயரின் முதல் எழுத்துகள்.

1972-இல் அமெரிக்க மருத்துவர் கோர்டன் ஷார்ப்பும் அவருடைய குழுவினரும் 25 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, தசை அழற்சி மூன்றின் கூறுகளும் அவர்களிடம் கலந்திருந்தன, இன்று யு1-ஆர்.என்.பி. என நாம் அழைக்கும் எதிர்ப்பொருள் அவர்கள் இரத்தத்தில் மிகுந்திருந்தது. அதற்குக் ‘கலப்பு இணைப்புத் திசு நோய்’ என்று அவர்கள் பெயரிட்டார்கள். இது உண்மையிலேயே தனி நோயா, லூபஸின் ஒரு கிளையா என்று மருத்துவர்கள் ஐம்பது ஆண்டுகளாக வாதிட்டுவருகிறார்கள். அந்த விவாதத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. பெயர் எதுவானாலும், இந்த எதிர்ப்பொருள் மிகுந்துள்ள நோயாளியிடம் எந்த உறுப்பைக் கண்காணிக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியம். அதற்கொரு காரணம் உண்டு.

நான் தவறவிட்ட மூச்சு

முதுநிலைப் படிப்பு முடித்த புதிதில், வேறொரு ஊரில், உப்பிய விரல்களும் மூட்டுவலியுமாக ஒரு பெண் என்னிடம் சிகிச்சையில் இருந்தார். யு1-ஆர்.என்.பி. மிக அதிகம். கலப்பு இணைப்புத் திசு நோய் மிதமானது, சிறுநீரகத்தை அதிகம் தாக்காது, ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் என்றுதான் தொடக்ககால விவரிப்புகள் கூறின; நானும் அப்படியே நம்பினேன். மூட்டுவலி அடங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் கைகளைப் பார்த்து, ‘நன்றாக இருக்கிறீர்கள்’ என்று அனுப்பினேன். இரண்டாம் ஆண்டில் ஒருநாள், கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றார். ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தேன். நான்கு மாதங்கள் கழித்து மயங்கி விழுந்த பிறகே எக்கோ எடுக்கப்பட்டது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. மருந்துகள் தொடங்கினோம். மூன்று ஆண்டுகள் இருந்தார்.

ஷார்ப்பின் குழுவே தம் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 47 பேரில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தினர் நல்ல நிலையில் இருந்தனர். ஆனால் இந்நோயால் இறந்தவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் இந்த நுரையீரல் தமனி உயர் அழுத்தமே. அது எனக்குத் தெரியாத செய்தியன்று. அந்தப் பெண்ணின் மூச்சோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தவறினேன். அன்றுமுதல், யு1-ஆர்.என்.பி. மிகுந்துள்ள ஒவ்வொருவருக்கும் மூச்சுத்திணறல் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை எக்கோவும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் எழுதுகிறேன். ‘நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இந்தச் செலவு?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

மற்ற எதிர்ப்பொருள்களும் இவ்வாறே ஒவ்வோர் உறுப்பைச் சுட்டுகின்றன. ஜோ-1 இருந்தால் தசையோடு நுரையீரலையும் சி.டி. ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். எஸ்.சி.எல்.-70 நுரையீரல் தழும்பாவதை எச்சரிக்கிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3 என்று அறிக்கையில் கண்டால், வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்துவர வேண்டும். திடீரென அழுத்தம் உயர்ந்து சிறுநீரகம் பழுதாகும் அபாயம் இவர்களுக்கு உண்டு. அதிக அளவு ஸ்டீராய்டு அந்த அபாயத்தைக் கூட்டும். லூபஸ் உள்ளவரின் டி.எஸ்.-டி.என்.ஏ. உயர்ந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று தேடுவோம்.

ரோ எதிர்ப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இன்னோர் உயிரையும் தொடுகிறது. தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே இது இருக்கலாம். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்து, அதன் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைப் பழுதாக்கக்கூடும். பெரும்பாலும் கருவின் 18 முதல் 24 வாரங்களுக்குள் இது நிகழ்கிறது. நூறு தாய்மார்களில் ஏறத்தாழ இருவரின் குழந்தைக்கே இவ்வாறு நேர்கிறது. ஆனால் முந்தைய குழந்தைக்கு நேர்ந்திருந்தால் அடுத்த முறை அபாயம் பல மடங்கு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அந்த அபாயத்தைக் குறைக்கிறது. ஆகவே திருமணமான பெண்கள், கருத்தரிக்கும் எண்ணம் வந்ததுமே எங்களிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் இந்த அறிக்கையைக் காட்டுங்கள். கருவுற்றது தெரிந்தவுடன் பயந்து, எல்லா மாத்திரைகளையும் தாமாகவே நிறுத்திவிடுவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. சில மருந்துகளை நிறுத்தத்தான் வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடர வேண்டும். எதை நிறுத்துவது என்பதைக் கருவுறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வோம்.

எதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்?

மூன்று மாதத்துக்கொருமுறை ஏ.என்.ஏ. எடுத்து, ‘போன முறை 1:640, இந்த முறை 1:320, குறைந்திருக்கிறதல்லவா?’ என்று மகிழ்ச்சியோடு வருபவர்கள் உண்டு. அந்த எண் நோயின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதில்லை. ஒருமுறை உறுதியானால் போதும், யு1-ஆர்.என்.பி.யும் அவ்வாறே. இவற்றுக்குச் செலவிடும் பணத்தைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் இரத்த அணுக்கள் எண்ணிக்கைக்கும் எக்கோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கு டி.எஸ்.-டி.என்.ஏ. பலருக்கு அது நோயோடு சேர்ந்து ஏறி இறங்கும், எனவே லூபஸ் கூறு உள்ளவர்களுக்கு அதை மீண்டும் பார்க்கிறோம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் உட்கொள்பவர்கள் தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது.

விரல் வெளுக்கும்போது உடனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது விரல் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும். படம் இருந்தால் நாங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. தோல் தடிப்புக்கும் இதுவே பொருந்தும். படியேறும்போது முன்பில்லாத மூச்சு வாங்கல், விழுங்கும்போது நெஞ்சில் உணவு நிற்பது, சிறுநீர் நுரைத்துப் போவது, நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருப்பது ஆகியவற்றில் எது புதிதாகத் தோன்றினாலும் அடுத்த தவணைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆசிரியை இப்போது கரும்பலகையின் மேல்வரி வரை எழுதுகிறார். எக்கோ இயல்பாக உள்ளது; அடுத்தது தை மாதத்தில். சென்ற முறை வந்தபோது, “இந்தப் பெயராவது இனி மாறாதா, டாக்டர்?” என்று கேட்டார். மாறலாம் என்றேன். கலப்பு நோயாகத் தொடங்கிச் சில ஆண்டுகளில் லூபஸாகவோ ஸ்க்ளீரோடெர்மாவாகவோ தெளிவடைவது உண்டு. முன்பு பார்த்தவர் தவறியதாக அதற்குப் பொருளில்லை. அவர் தலையசைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மூன்று கோப்புகளிலும் இருந்தவற்றை ஆண்டுவாரியாக ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார்: எந்த மாதம் எந்த அறிகுறி, எந்தப் பரிசோதனை, என்ன மருந்து, எப்போது நிறுத்தியது. நான் பத்து நிமிடம் தேடியதை அந்தத் தாளில் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். அவர் அனுமதியுடன் அதே முறையில் ஒரு படிவம் அச்சிட்டிருக்கிறோம். புறநோயாளிப் பிரிவின் செவிலியர் மேசையில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.